மூச்சு 22

மருத்துவமனையில் ஒரு வாரம் படுத்து எழுந்த யாருடைய கேஸ் ஷீட்டாவது கையில் கிடைத்தால், அதில் காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் எழுதும் தாளை எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எழுதும் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். காய்ச்சல் ஏறி இறங்கியிருக்கும். நாடி 78, 92, 84 என்று அலைந்திருக்கும். பி.பி. இரண்டு வேளை ஒரே இடத்தில் நின்றிருக்காது. மூச்சு மட்டும் 22, 22, 22, 22 என்று எறும்பு வரிசை போலப் போயிருக்கும். சில இடங்களில் 20. சில இடங்களில் 18. எந்த எண்ணாக இருந்தாலும் அது மாறியிருக்காது. அந்த நோயாளி தூங்கினார், இருமினார், பேரனைப் பார்த்து அழுதார், மாடிப்படி ஏறி ஸ்கேன் எடுக்கப் போய்வந்தார். மூச்சு 22. நர்ஸாகப் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த எண்ணை எழுதிய கை இது.

எங்கள் வார்டில் ஏன் 22 என்பதற்கு ஒரு விளக்கம்கூட இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் மூத்த சிஸ்டர் ஒருவர் சொன்னார்: “20 என்று போட்டால் எண்ணாமல் போட்டது போலத் தெரியும். 22 போட்டால் எண்ணிப் பார்த்த மாதிரி இருக்கும்.” அவர் கெட்டவர் இல்லை. சர்க்கரை குறைந்து மயங்கிக் கிடந்தவரை வியர்வையைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்தவர். குழந்தைகளுக்கு ஊசி போட்டால் அழுகை வருவதற்குள் பஞ்சை வைத்துவிடுவார். அவர் சொல்லிக் கொடுத்த பத்து நல்ல காரியங்களோடு பதினொன்றாவதாக இதையும் வாங்கிக்கொண்டேன். கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

2021இல், முப்பத்தைந்தாவது வயதில், நான் மறுபடி படிக்கப் போனேன். எதற்குப் போனேன் என்பதற்கும் எதை வாங்கிக்கொண்டு திரும்பினேன் என்பதற்கும் சம்பந்தமே இல்லாமல் போனதால்தான் இதை எழுதுகிறேன்.

போனதற்குக் காரணம் எளிமையானது: கோபம். மூன்றரை ஆண்டு டிப்ளமோ முடித்து 2009இல் வேலைக்கு வந்தேன். முதல் சம்பளம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, எங்கள் தளத்துக்கு இன்சார்ஜ் போட வேண்டிய நேரம் வந்தபோது, என்னிடம் கேன்யுலா (மருந்து ஏற்ற ரத்த நாளத்தில் செருகும் குழாய்) போடப் பழகிய ஒரு பெண்ணை இன்சார்ஜ் ஆக்கினார்கள். அவள் பி.எஸ்ஸி., நான் டிப்ளமோ. “தகுதி அப்படி இருக்கிறது சிஸ்டர், எங்கள் கையில் எதுவும் இல்லை” என்றார்கள். அந்தப் பெண் மூன்று நாள் என் முகத்தைப் பார்க்காமல் நடந்தாள். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை. ஆனால் அன்று இரவு வீட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன், சாப்பிடவில்லை. டிப்ளமோ முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் பட்டம் தரும் போஸ்ட் பேசிக் படிப்பு இருக்கிறது. அதில் சேர்வதென்று முடிவு செய்துவிட்டேன்.

சேர்வதற்கு அசல் சான்றிதழ்கள் வேண்டும். அவை என்னிடம் இல்லை. வேலைக்குச் சேர்ந்தபோது மருத்துவமனை அலுவலகத்தில் வாங்கி வைத்திருந்தார்கள். தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்த நர்ஸ்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் சொந்த மதிப்பெண் பட்டியலை மீட்க ஆறு வாரம் நடந்தேன். கடைசியில் ஒரு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து ஒரு பழுப்பு உறையைக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உறைக்குள் பதினெட்டு வயதுப் புகைப்படம் ஒன்று ஒட்டிய விண்ணப்பம். வெள்ளை ரிப்பன், இரட்டைப் பின்னல், பயந்த கண். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

மறுபடியும் பெஞ்ச்

வகுப்பில் இருபத்தாறு பேர். பாதிப் பேர் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. டிப்ளமோ முடித்த கையோடு வந்தவர்கள். மீதிப் பேர் என்னைப் போல வேலையில் காய்ந்தவர்கள். எங்களில் ஒருத்தி பத்து ஆண்டு பிரசவ வார்டில் இருந்தவள், இன்னொருத்தி டயாலிசிஸ், ஒருத்தி மலைக் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் தனியாகப் பிரசவம் பார்த்தவள். முதல் ஆண்டில் உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், ஊட்டச்சத்து, உளவியல், ஆங்கிலம், இவற்றோடு செவிலிய அடிப்படைகள் என்று ஒரு பாடம். பிரசவம் பார்த்தவளுக்குப் படுக்கை விரிப்பது எப்படி என்று வகுப்பு எடுத்தார்கள். மூலை மடிக்கும்போது விரிப்பு நாற்பத்தைந்து பாகையில் இருக்க வேண்டுமாம். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கினோம்.

உயிர்வேதியியலில் வரும் கிரெப்ஸ் சுழற்சியை மட்டும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு பக்கம் பின்னக் கணக்கு போடுவாள், மறுபக்கம் நான் சிட்ரிக் அமிலத்தைச் சுற்றிச் சுற்றி வரைவேன். அவளுடைய கலர் பென்சில்களைத்தான் என் ரெக்கார்ட் நோட்டுக்கு எடுப்பேன். “அம்மா, சிவப்பு தீர்ந்துவிட்டது” என்று ஒருநாள் அழுதாள். தமனிகளுக்கே மொத்தச் சிவப்பும் போயிருந்தது. படிப்பைப் பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் தகவல், கலர் பென்சில் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான்.

செவிலியர் வரலாற்றையும் படித்தோம். சென்னையில் 1854இல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தொடங்கியது, 1871இல் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி வந்தது, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் டெல்லியிலும் 1946இல் பட்டப்படிப்பு ஆரம்பமானது என்று வரிசையாக ஆண்டுகள். மனப்பாடம் செய்தோம், எழுதினோம், மறந்தோம். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலை மட்டும் மறக்க முடியாதபடி ஒரு காரியம் நடந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்களுக்குக் கிளினிக்கல், அதாவது வார்டுப் பயிற்சி, பார்க்க வந்த ஆசிரியைக்கு இருபத்தேழு வயது. முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் என்னைப் பார்த்து ஒரு நொடி நின்றார். எனக்கும் எங்கோ பார்த்த முகமாக இருந்தது. இடைவேளையில் வந்து, “அக்கா, என்னைத் தெரியவில்லையா? 2013இல் உங்கள் வார்டுக்கு போஸ்டிங் வந்தேன். இரண்டாம் ஆண்டு” என்றார். பி.எஸ்ஸி. மாணவியாக வந்து, என் பின்னாலேயே டிரே தூக்கிக்கொண்டு நடந்த ஒல்லிப் பெண். அப்புறம் எம்.எஸ்ஸி. முடித்து ஆசிரியை ஆகிவிட்டார். அன்றிலிருந்து ஒரு உடன்படிக்கை, யாரும் பேசாமலே உருவானது: வகுப்பிலும் வார்டிலும் நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சிஸ்டர் என்பார், கேன்டீனில் அவருக்கு நான் அக்கா, எனக்கு அவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் பெண். வார்டு வாசலைத் தாண்டும்போது இருவரும் நாக்கை மாற்றிக்கொள்வோம்.

பதினான்காம் கட்டில்

மூன்றாவது மாதம், மருத்துவப் பிரிவில் போஸ்டிங். ஆளுக்கு ஒரு நோயாளி. அவர்களை ஐந்து நாள் கவனித்து முழுப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும். என்னிடம் கேட்டால் இது எனக்குக் கிடைத்த விடுமுறை. முப்பத்தெட்டுப் பேரைப் பார்த்தவளுக்கு ஒரே ஒரு ஆள். பதினான்காம் கட்டிலில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. காய்ச்சல், சோர்வு என்று முந்தைய இரவு கொண்டுவந்திருந்தார்கள். நான் போய் உட்கார்ந்ததும் “எனக்கு ஒன்றும் இல்லை தாயி, இவர்கள்தான் பயந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்” என்றார். மெலிந்த உடம்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து. சமர்த்தாகப் படுத்திருந்தார். தொந்தரவு கொடுக்காத நோயாளி என்று வார்டில் எல்லாருக்கும் பிடித்துப் போயிருந்தது.

காய்ச்சல் 99.4. நாடி 104. பி.பி. 110க்கு 70. இந்த மூன்றையும் நான் பார்த்துத்தான் எழுதினேன்; சத்தியமாகப் பார்த்தேன். நடுவில் ஒரு கட்டம். கை தன்பாட்டுக்கு 22 என்று எழுதியது. எழுதும்போது பொய் எழுதுகிறேன் என்ற நினைப்புகூட எனக்கு இல்லை. தேதி போடுவது போல, பெயருக்குக் கீழே கோடு போடுவது போல ஒரு பழக்கம்.

பத்து மணிக்கு மேடம் ரவுண்ட்ஸ் வந்தார். என் நோட்டை வாங்கிப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்: “சிஸ்டர், இந்த 22ஐ எப்போது எண்ணினீர்கள்?”

“எட்டு மணிக்கு மேடம்.”

“நெஞ்சைப் பார்த்தா, வயிற்றைப் பார்த்தா?”

எனக்குப் பதில் வரவில்லை. நாடி எந்தக் கையில் பார்த்தேன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பாட்டியின் போர்வை எந்த நிறம் என்று கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். அவர் திட்டவில்லை. தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அவ்வளவுதான்.

மூச்சை எண்ணுவதற்கு ஒரு தந்திரம் உண்டு. டிப்ளமோ முதல் ஆண்டிலேயே சொல்லிக் கொடுப்பது. எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி தன்னை அறியாமல் மூச்சை மாற்றிவிடுவார். அதனால் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பது போல நடிக்க வேண்டும். விரல் மணிக்கட்டில், கண் நெஞ்சில். அப்படியே பிடித்தேன். சேலைக்கும் போர்வைக்கும் அடியில் எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் குனிந்தபோது தாயத்து தெரிந்தது. கழுத்துக் குழியில் கிடந்த அந்த வெள்ளித் துண்டு மேலே வந்தது, இறங்கியது, மேலே வந்தது, இறங்கியது. சின்னச் சின்ன மூச்சு. வேகமான மூச்சு. சத்தமே இல்லை. நொடிமுள் ஒரு சுற்று முடிந்தபோது நான் முப்பத்து நான்கில் இருந்தேன். தவறாக எண்ணிவிட்டேன் என்று நினைத்து மறுபடி எண்ணினேன். முப்பத்து மூன்று. பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்து, “நாடி கிடைக்கவில்லையா தாயி?” என்றார்.

அதன் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. மேடம் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டார். சிறுநீரில் ஆரம்பித்த கிருமி ரத்தத்துக்குள் போயிருந்தது. ஆக்சிஜன், ரத்தப் பரிசோதனைகள், மருந்து மாற்றம், அன்று மதியமே தீவிர சிகிச்சைப் பிரிவு. பி.பி. அதுவரை நன்றாகத்தான் இருந்தது. அதுதான் ஏமாற்று. கிருமி ரத்தத்தில் பரவும்போது உடம்பு முதலில் மூச்சைக் கூட்டித்தான் சமாளிக்கப் பார்க்கும், பி.பி. விழுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். ஆறாம் நாள் பாட்டி திரும்ப வார்டுக்கு வந்து இட்லியைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார், நாடி பார்க்கச் சொல்லி.

அன்று சாயங்காலம் கேன்டீனில் அந்த ஆசிரியைப் பெண்ணுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். நன்றி சொல்ல நினைத்தேன், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “எப்படிக் கண்டுபிடித்தாய்?” என்று கேட்டேன். “நீங்கள்தானே அக்கா சொல்லிக் கொடுத்தீர்கள்” என்றாள். எனக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள்: “2013இல் நான் ஒவ்வொரு கட்டிலாக நின்று மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து, ‘இப்படி எண்ணினால் பொழுது விடிந்துவிடும், எல்லாருக்கும் 22 போடு’ என்றீர்கள். இறுதி ஆண்டு வரைக்கும் அதைத்தான் போட்டேன்.” அவள் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பள்ளிக்கூட நாளில் யார் யார் பிட் அடித்தோம் என்று பேசிக்கொள்வது போலத்தான் சொன்னாள். எனக்கு அந்த வாக்கியத்தைச் சொன்ன ஞாபகமே இல்லை. ஆனால் அது என் குரல்தான், அப்படித்தான் பேசியிருப்பேன். டீ ஆறும்வரை வைத்திருந்தேன்.

பிறகு அவள் ஒன்று சொன்னாள், அதைத்தான் நான் இன்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். மூச்சைப் பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் வரும் எண் 16, 20, 24 என்றுதான் வரும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினாலும் இரட்டைப்படைதான். ஒற்றைப்படை எண் வருவதற்கு ஒரே வழி, முழு நிமிடம் நின்று எண்ணுவது. “ஒரு சார்ட்டில் 17, 19, 23 என்று பார்த்தால் மனதுக்குள் அந்த நர்ஸுக்கு ஒரு சல்யூட் வைப்பேன் அக்கா. பன்னிரண்டு வேளைக்கு ஒரு ஒற்றைப்படைகூட இல்லை என்றால் யாரும் அந்த ஆளை நின்று பார்க்கவில்லை என்று அர்த்தம்.”

எண்ணாத நாட்கள்

அந்த வாரம் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. 34ஐ 22 என்று எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்? ஒரு ஷிஃப்டுக்கு இத்தனை பேர், மாதத்துக்கு இத்தனை ஷிஃப்ட் என்று ஒரு தாளில் பெருக்க ஆரம்பித்து, முதல் ஆண்டு முடிவதற்குள்ளேயே தாளைக் கிழித்துவிட்டேன். விடியற்காலை ஐந்தரைக்குத் திடீரென்று மோசமானவர்கள் என்று என் நினைவில் சில முகங்கள் இருக்கின்றன. “நன்றாகத்தான் இருந்தார், திடீரென்று ஆகிவிட்டது” என்று உறவினர்களிடம் சொல்லியிருக்கிறேன். டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். ரிப்போர்ட் புக்கில் எழுதியிருக்கிறேன். அந்தத் ‘திடீரென்று’ என்ற சொல்லை இப்போது என்னால் அவ்வளவு சுலபமாகப் பயன்படுத்த முடியவில்லை. அவர்களில் யாருக்காவது இரண்டு மணிக்கே மூச்சு முப்பதைத் தாண்டியிருந்ததா என்று தெரிந்துகொள்ள எந்த வழியும் கிடையாது. இருக்கும் ஒரே ஆவணம் நான் எழுதியது. அதில் 22 என்று இருக்கும்.

சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் கோபம் வரும். நான் சோம்பேறி இல்லை. ஒரு கணக்குப் போடுவோம். இரவில் முப்பத்தெட்டு நோயாளிகள், இரண்டு நர்ஸ். தெர்மாமீட்டருக்கு ஒரு நிமிடம், நாடிக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று, பி.பி.க்கு இரண்டு. ஆளுக்கு ஐந்து நிமிடம், ஒரு சுற்றுக்கு நூற்றுத் தொண்ணூறு நிமிடம். மூன்று மணி நேரத்துக்கும் மேல். விடியற்காலையில் இதோடு ரத்த மாதிரி எடுக்க வேண்டும், சர்க்கரை பார்க்க வேண்டும், ஆறு மணி ஊசி போட வேண்டும், அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களைத் தயார் செய்ய வேண்டும், ஏழரைக்கு ஒப்படைக்க வேண்டும். ஏதோ ஒன்று விழுந்துதான் ஆகும். எது விழுந்தால் சத்தம் வராதோ அது விழும். இரண்டாம் ஆண்டில் நிர்வாகப் பாடத்தில், பொது வார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்று விதிமுறை படித்தோம். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு 2016இல் கொடுத்த பரிந்துரையையும் படித்தோம்: ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸின் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. பாடம் எடுத்தவரும் சிரித்துவிட்டு, “தேர்வுக்கு வரும், எழுதிக்கொள்ளுங்கள்” என்றார்.

ஆனாலும் இந்தக் கணக்கு என்னை முழுதாகக் காப்பாற்றவில்லை. ஏனென்றால் நானே எண்ணிய நாட்கள் உண்டு. இடையில் எட்டு மாதம் பிரசவ வார்டில் இருந்தேன். கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் நிலையில் மக்னீசியம் சல்ஃபேட் போடுவார்கள். ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: முழங்கால் தட்டினால் துள்ளுகிறதா, சிறுநீர் போதுமான அளவு போகிறதா, மூச்சு நிமிடத்துக்குப் பதினாறுக்குக் குறையாமல் இருக்கிறதா. மருந்து அதிகமானால் முதலில் முழங்கால் அடங்கும், அப்புறம் மூச்சு அடங்கும். பக்கத்தில் மாற்று மருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட் ஊசி தயாராக இருக்கும். அங்கே நான் ஒருநாளும் 22 எழுதியதில்லை. முழு நிமிடம் நின்று எண்ணி 17, 19 என்று எழுதியிருக்கிறேன். வேலை அங்கேயும் அதிகம்தான், ஆள் அங்கேயும் குறைவுதான். அங்கே டாக்டர் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி “மூச்சு எத்தனை?” என்பது. பொது வார்டில் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் கட்டத்தைப் பார்த்து ஒருவர்கூட என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. பி.பி. கேட்பார்கள், காய்ச்சல் கேட்பார்கள், கோவிட் வந்த பிறகு ஆக்சிஜன் அளவு கேட்பார்கள். விரலில் மாட்டினால் எண்ணைக் காட்டும் கருவி வந்துவிட்டது. மூச்சுக்கு அப்படி மாட்டிவிட எதுவும் எங்கள் வார்டில் இல்லை. கண்ணும் கடிகாரமும்தான். யாரும் படிக்காத கட்டத்தில் என்ன எழுதினால் என்ன என்று கை முடிவு செய்துவிட்டது. மேடம் அந்தக் கட்டத்தைப் படித்தார். எனக்குப் பட்டத்தைவிட அதுதான் புதிதாக இருந்தது.

பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய ஒரு முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை பற்றி ஒரு கருத்தரங்கில் நான் பேச வேண்டியிருந்தது. நாடி, மூச்சு, பி.பி. முதலியவற்றுக்குப் புள்ளி போட்டுக் கூட்டினால் நோயாளி எவ்வளவு ஆபத்தில் இருக்கிறார் என்று தெரியும். மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் பூஜ்யம். 21 முதல் 24 வரை இரண்டு புள்ளி. 25உம் அதற்கு மேலும் மூன்று. பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: 22க்கு இரண்டு புள்ளி. என் கணக்குப்படி பன்னிரண்டு ஆண்டுகளில் எங்கள் வார்டில் ஒருவருக்குக்கூட மூச்சு சீராக இருந்ததில்லை. பொய்யையாவது ஆரோக்கியமாகச் சொல்லியிருக்கலாம். வகுப்பில் இதைச் சொன்னபோது வேலையிலிருந்து வந்த பன்னிரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். டயாலிசிஸ்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “எங்கள் இடத்தில் 20. தப்பித்தோம்.” சின்னப் பெண்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நைட்டிங்கேல் விஷயத்துக்கு வருகிறேன். டிப்ளமோ சேர்ந்தபோது எங்கள் கையில் விளக்கைக் கொடுத்து உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். கைவிளக்கேந்திய காரிகை, கருணை, தியாகம் என்று மேடையில் பேசினார்கள். இரண்டாம் ஆண்டில் புள்ளியியல் பாடத்தில் அதே அம்மாள் வேறு ஆளாக வந்தார். கிரீமியப் போரில் காயத்தால் செத்தவர்களைவிட நோயால் செத்த சிப்பாய்கள்தான் அதிகம் என்று எண்ணிக் கணக்கெடுத்து, வண்ண வரைபடமாக்கி அரசாங்கத்தின் முகத்துக்கு முன்னால் நீட்டியவர். 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கம் சேர்த்துக்கொண்ட முதல் பெண். எங்கள் தொழிலின் தலைமகள் ஒரு கணக்குப்பிள்ளை! விளக்கைக் கொடுத்தவர்கள் அவருடைய நோட்டுப் புத்தகத்தையும் கையில் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. விளக்கு எதற்கு என்றால், இருட்டில் எண்ணுவதற்குத்தானே.

பட்டம் வாங்கிய பிறகு

2023இல் முடித்தேன். வேறு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. சம்பளம் கூடியது, நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. இருபத்தெட்டுப் படுக்கை வார்டு, இரவில் இரண்டு பேர். முதல் வாரம் எல்லாருக்கும் முழு நிமிடம் எண்ணினேன். இரண்டாம் நாளே ஆறு மணி ஊசி ஏழே காலுக்குப் போனது, திட்டு வாங்கினேன், நியாயமான திட்டு. அதன் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். புதிதாகச் சேர்ந்தவர்கள், வயதானவர்கள், காய்ச்சல் உள்ளவர்கள், அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள், இவர்களுக்கு முழு நிமிடம் எண்ணுவேன். மற்றவர்களுக்குக் கட்டத்தைக் காலியாக விடுவேன். எண்ணாததை எழுதுவதில்லை என்பது மட்டும் எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. இது சரியான வழியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. காலியாக விட்ட கட்டிலில் ஒரு 34 படுத்திருக்கலாம்.

போன மாதம் ஒரு விடியற்காலை, பதினேழு பேருக்கு எண்ணி முடித்திருந்தேன். பதினொரு கட்டம் காலி. இன்சார்ஜ் சிஸ்டர் வழக்கத்தைவிட முன்னதாக வந்துவிட்டார். அந்த வாரம் ஆய்வுக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. சார்ட்டுகளைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: “இது என்ன, அங்கங்கே மூச்சு காலியாக இருக்கிறது?”

“எண்ணவில்லை சிஸ்டர். அதனால் எழுதவில்லை.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முப்பது ஆண்டு சர்வீஸ், ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருக்கிறது. கோபப்படுவார் என்று நினைத்தேன். “காலியாக இருந்தால் உன்னைத்தான் கேட்பார்கள்” என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து பேனாவை எடுத்தார். உட்கார்ந்தார். ஒவ்வொரு சார்ட்டாகத் திருப்பி, அழகான கையெழுத்தில் 22 போட்டுக்கொண்டே வந்தார். 22, 22, 22. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒரு காலத்தில் அவ்வளவு வேகம் இருந்தது.

ஒன்பதாம் கட்டில் சார்ட்டுக்கு வந்ததும் பேனா நின்றது. தலையைத் திருப்பி வார்டைப் பார்த்தார். “வரும்போது பார்த்தேன், ஒன்பதாம் பெட்காரர் தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விடுகிறார் போலிருக்கிறதே. வா, பார்க்கலாம்” என்று எழுந்தார். ஒருவரையும் எண்ணாத ஆள், வாசலிலிருந்து நாற்காலிக்கு நடந்து வந்த அந்தப் பத்து எட்டில் அதைப் பார்த்திருக்கிறார். குடலிறக்கத்துக்குச் சாதாரணப் பரிசோதனைக்காகச் சேர்ந்தவர், வயது நாற்பதுதான் இருக்கும். அவருக்கு எண்ண வேண்டாம் என்று முடிவு செய்தவள் நான். இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம். நான் மணிக்கட்டைப் பிடித்தேன். சிஸ்டர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது; அவரும் எண்ணுகிறார்.

இருபத்தேழு. டாக்டரைக் கூப்பிட்டோம். சார்ட்டில் 27 என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டார். அதற்கு முன் அவர் எழுதியிருந்த கட்டங்களில் 22 அப்படியே இருந்தது. நான் அவற்றைத் திருத்தவில்லை. மணி ஏழரை ஆகிவிட்டது; பகல் டியூட்டிக்காரர்கள் வந்துவிட்டார்கள், ஒப்படைக்க வேண்டியிருந்தது.